கோழிக்குக் கேட்காமல் சண்டை போடுவது எப்படி

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, தமிழில் எம்.ஏ. படித்த நான், ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு நடுவில் நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்னொரு மனிதரின் காதோரம் குனிந்து அவரைக் கிசுகிசுத்துத் திட்டியிருக்கிறேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஒரு கோடைக்காலம் முழுக்க. ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று வீட்டில் கேட்டபோது, 'பண்ணையில் வேலை அதிகம்' என்று சொல்லி வைத்திருந்தேன்.

இதை இப்போது சொல்ல நேர்ந்ததற்குக் காரணம், எங்கள் கோழிப்பண்ணைக்கு ஹெச்.ஆர். வந்துவிட்டதுதான். நான் மேனேஜராக இருந்து ஓய்வு பெறும்வரை, அங்கே வேலையாட்களின் மனநிலையைக் கவனிக்க என்று தனியாக யாரும் இருந்ததில்லை. கோழியின் மனநிலையைத்தான் எல்லோரும் கவனித்தோம். பெரிய முதலாளியின் பேரன் பொறுப்புக்கு வந்ததும், கோயம்புத்தூரில் படித்த சுகன்யா என்ற பெண்ணை அந்த வேலைக்கு அமர்த்தியிருக்கிறார். அவர்தான் போன் செய்தார்.

"சார், கூட வேலை செய்யறவங்க கஷ்டமான ஆளா இருந்தா எப்படிச் சமாளிக்கறதுன்னு, புதுசா சேர்ந்தவங்களுக்காக உங்க அனுபவத்தை எழுதித் தர முடியுங்களா? ரெண்டு பக்கம் போதுங்க."

நான் கிசுகிசுத்துத் திட்டிய அந்த மனிதர், நல்லுசாமி, இரண்டு பக்கத்தில் அடங்க மாட்டார். ஆனாலும் சரி என்றேன். ஓய்வு பெற்றவனை மதித்து யாராவது கேட்டால், 'முடியாது' என்ற சொல் வாயில் வருவதில்லை.

நான் ஆட்டையாம்பட்டிக்காரன். படித்துவிட்டு ஒரு டுடோரியலில் கொஞ்ச காலம் இலக்கணம் நடத்தினேன். பையன்கள் என்னைவிட வேகமாகத் தேறிப் போனார்கள். நான் அங்கேயே இருந்தேன். சொந்தக்காரர் ஒருவர் நாமக்கல் பக்கத்தில் இந்தப் பண்ணையில் கணக்கெழுதச் சேர்த்துவிட்டார். கணக்கெழுதியவன் தீவனம் வாங்கப் போனேன், தீவனம் வாங்கியவன் லாரிக்காரர்களோடு பேசப் போனேன், ஒரு நாள் எல்லோரும் என்னை மேனேஜர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். என் பயிற்சிக்காலம் இவ்வளவுதான்.

பண்ணைக்குள் நுழைவது எப்படி என்பதை மட்டும் விவரமாகச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. கோழிக்கு நோய் வெளியிலிருந்துதான் வரும் என்பதால், கேட்டுக்கு வெளியே ஒரு நிமிடம் போய் வந்தாலும், மறுபடி உள்ளே வரக் குளித்தாக வேண்டும். கேட்டை ஒட்டி ஒரு குளியலறை. ஒரு பக்கக் கதவு வழியாக வெளியுலகத்துச் சட்டையோடு நுழைந்து, அதைக் கழற்றிக் கொடியில் போட்டு, தலைக்குக் குளித்து, மறுபக்கக் கதவு வழியாகப் பண்ணைச் சட்டையில் வெளியேற வேண்டும். பண்ணைச் சட்டை எல்லோருக்கும் ஒரே வெளிர் பச்சை. வேறு நிறம் கண்டால் கோழி மிரளும். ஒவ்வொரு ஷெட் வாசலிலும் ஒரு தொட்டியில் ஊதா நிற மருந்துத் தண்ணீர் இருக்கும். அதில் காலை நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். பத்து வருடத்தில் என் பாதங்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டன. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள்.

உள்ளே போன பிறகு சத்தம் போடக் கூடாது. கையை வீசக் கூடாது. ஓடக் கூடாது. மிரண்ட கோழி முட்டையைக் குறைத்துவிடும். சத்தம் போட்டே ஆக வேண்டுமென்றால் கேட்டுக்கு வெளியே போய்ப் போட்டுவிட்டு, குளித்துவிட்டு வரலாம். இது பெரிய முதலாளியின் சட்டம்.

பெரிய முதலாளி குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. சாதாரணமாக எல்லோரையும் 'சாமி' என்பார். என்னையும், கறவை மாட்டையும், கலெக்டர் ஆபீஸிலிருந்து வருகிறவர்களையும். கோபம் வந்தால் மரியாதை கூடும். 'சாமி' போய் 'மேனேஜரு' வரும். கோபம் முற்றினால் 'மேனேஜருங்க' என்பார். அதையும் தாண்டிவிட்டால் நம்மைப் பார்க்காமல் கூண்டிலிருக்கும் கோழியைப் பார்த்து, "ஏங் கண்ணு, இவங்களையெல்லாம் நம்பி நீ முட்டை உடோணுமா?" என்று கேட்பார். கோழி நம்மைத் திரும்பிப் பார்க்கும். திட்டு வாங்கிய அனுபவம் எனக்கு நிறைய உண்டு; அந்தப் பார்வைக்கு ஈடாக எதுவும் இல்லை.

இனி நல்லுசாமி. ஷெட்டுகளுக்கு சூப்பர்வைசர். மனைவியோடு பண்ணைக் குவார்ட்டர்ஸிலேயே குடியிருந்தார். உயரமானவர், மெதுவாக நடப்பவர், எதையும் மறுக்காதவர். அதுதான் சிக்கல். நான் எதைச் சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் வருத்தமாகச் சொல்வார்:

"எனக்கு ஒண்ணுமில்லீங்க சார். கோழி ஒத்துக்காதுங்க."

தீவனத்தை அரை மணி முன்னால் போடலாமா? கோழி ஒத்துக்காது. முட்டை எடுக்கும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முறை மாற்றலாமா? கோழி ஒத்துக்காது. அவருடைய லீவு விண்ணப்பத்தை ஒரு நாள் தள்ளிப் போடச் சொன்னபோதும் கோழிதான் ஒத்துக்கொள்ளவில்லை. மனிதரோடு வாதாடலாம். பக்கத்தில் இல்லாதவரோடுகூட வாதாடலாம். பக்கத்திலேயே ஆயிரக்கணக்கில் நின்றுகொண்டு வாயைத் திறக்காத கட்சிக்காரர்களுக்காக ஆஜராகும் வக்கீலோடு எப்படி வாதாடுவது?

எங்கள் பெரிய சண்டை கூரைத் தண்ணீரைப் பற்றியது. சித்திரை வெயிலில் ஷெட்டின் கூரைமேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழி சுருண்டு விழும். பத்து மணிக்கே மோட்டாரைப் போட வேண்டும் என்பது என் கட்சி. உச்சி வெயிலில் போட்டால் போதும் என்பது நல்லுசாமியின், அதாவது கோழியின், கட்சி. நான் மோட்டாரைப் போட்டுவிட்டு நகர்ந்தால் அவர் நிறுத்துவார். அவர் நகர்ந்தால் நான் போடுவேன். கூரை நனைந்ததும் காய்ந்ததுமாகக் கிடந்தது.

இதைக் கத்திப் பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் கத்த வெளியே போக வேண்டும், போனால் குளிக்க வேண்டும். ஆகவே ஷெட்டுக்குள்ளேயே, கூண்டு வரிசைகளுக்கு நடுவில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தோடு முகம் வைத்துக் கிசுகிசுத்தோம். கிசுகிசுப்பில் திட்டுவது மூச்சை வாங்கும் வேலை. 'அறிவிருக்கிறதா உமக்கு' என்பதைக் காற்றாக மட்டும் சொல்லிப் பாருங்கள், தெரியும். முட்டை எடுக்கும் பெண்களுக்குத் தலைவி பாவாயி. அவர் அட்டையில் முட்டையை அடுக்கியபடி எங்களைக் கடக்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார்.

"கல்யாணம் பேசுற மாதிரியே இருக்குதுங்க சார். எந்த ஊர்ல பொண்ணு?"

இந்தச் சமயத்தில்தான் தீவனக் கம்பெனிக்காரர்கள் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் ஓட்டலில் மேனேஜர்களுக்கு ஒரு நாள் வகுப்பு நடத்தினார்கள். தலைப்பு, சக ஊழியர்களுடன் இணக்கம். கோட்டு போட்ட ஒருவர் இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, எதிராளி சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லி, 'நான் புரிந்துகொண்டது சரிதானா?' என்று கேட்க வேண்டும். இரண்டு, அவரிடமுள்ள நல்ல குணங்களை மனம் திறந்து பாராட்ட வேண்டும். மதியச் சாப்பாடு பிரமாதம். அந்த நல்லெண்ணத்தோடு திரும்பி வந்தேன்.

மறுநாள் நல்லுசாமி, "இப்பத் தண்ணி உட்டா கோழி ஒத்துக்காதுங்க" என்றார்.

நான் கனிவாக, "இப்பத் தண்ணி விட்டா கோழி ஒத்துக்காதுன்னு சொல்றீங்க. நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானே?" என்று கிசுகிசுத்தேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "அதத்தானுங்க நானுஞ் சொன்னேன். மறுக்கா எதுக்குங்க நீங்க சொல்றீங்க? காது அடைச்சுக்கிச்சுங்களா?"

சரி, இரண்டாவது வழி. "நல்லுசாமி, நீங்க நேரந் தவறாம வர்றீங்க. கோழி மேல உங்களுக்கு இருக்கிற அக்கறை வேற யாருக்கும் வராது."

அவர் முகம் வெளுத்தது. எங்கள் பக்கம் ஓர் ஆளை அவர் எதிரிலேயே பாராட்டுவதென்றால், அது அவரை வேலையிலிருந்து அனுப்பும்போது மாலை போட்டுச் சொல்வதுதான். நேராக முதலாளியிடம் போய்ப் புகார் கொடுத்துவிட்டார். "மேனேஜரு என்னயப் பாராட்டுறாருங்க."

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க மேனேஜருங்க, பாராட்டுற அளவுக்கு அவரு அப்படி என்ன தப்புப் பண்ணுனாரு?"

அதற்குப் பதில் அந்த வகுப்பில் சொல்லித் தரவில்லை.

அந்த மாதம் முட்டை இறங்க ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம், பிறகு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு. அதுவும் நாங்கள் இருவரும் அடிக்கடி நிற்கும் மூன்றாம் ஷெட்டில்தான் அதிகம். கூரைத் தண்ணீரால்தான் என்று நான் சொன்னேன். கூரைத் தண்ணீரால்தான் என்று நல்லுசாமியும் சொன்னார். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதற்காகவும் சண்டை போட்டோம்.

முதலாளி இருவரையும் மூன்றாம் ஷெட்டுக்கு வரச் சொன்னார். எங்களைப் பார்க்கவில்லை. ஒரு கூண்டைப் பார்த்துக் கோழியிடம் பேசினார்.

"கண்ணு, இவங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தா நீ பொழைக்க மாட்டே. மாசக் கடைசிக்குள்ள ஒருத்தரு ஊட்டுக்குப் போயிரட்டும். யாருன்னு அவங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லட்டும். எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு, காலைத் தொட்டியில் நனைத்துக்கொண்டு போய்விட்டார்.

மகன் ராசிபுரத்தில் கல்லூரியில் சேர்ந்து முதல் வருடம்கூட முடியவில்லை. ஐம்பதைத் தாண்டியவன், கையில் தமிழ் எம்.ஏ., காலில் கத்தரிக்காய் நிறம். இப்படி ஓர் ஆளை வேறு எந்த முதலாளி எடுப்பார்? நல்லுசாமிக்கும் அப்படித்தான். வேலை போனால் குடியிருக்கும் குவார்ட்டர்ஸும் போய்விடும். மோட்டாரை எத்தனை மணிக்குப் போடுவது என்பதையே பேசித் தீர்க்க முடியாத இருவர், யார் பிழைப்பை யார் விட்டுக்கொடுப்பது என்று பேசித் தீர்க்க வேண்டும். அதையும் கிசுகிசுப்பாக.

பேசினோம். பேசப் பேச முட்டை மேலும் இறங்கியது.

முதலாளி கோழி டாக்டரை வரவழைத்தார். இளைஞர், கெங்கவல்லிக்காரர். முதலாளிக்குத்தான் கோபத்தில் 'ங்க' கூடும், மற்றவர்களுக்குக் குறையும். அவர் பேச்சில் 'ங்க' குறைவாக இருந்ததால், அவர் எங்கள் மேல் கோபமாக இருக்கிறார் என்றே முதலில் நினைத்தோம். தீவனம் பார்த்தார், தண்ணீர் பார்த்தார், இரண்டு கோழிகளைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கூரைத் தண்ணீரைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம். அதை எப்போது விட்டாலும் சரிதான் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அந்தத் துரோகத்தை நாங்கள் இருவருமே இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிறகு ஷெட்டின் கடைசியில் போய் நின்றுகொண்டு, "நீங்க வழக்கமா இங்க என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்க" என்றார்.

"வழக்கமா சண்டை போடுவாங்கோ" என்றார் பாவாயி, யாரும் கேட்காமலே.

"அப்ப சண்டை போடுங்க."

நானும் நல்லுசாமியும் எதிரெதிரே நின்றோம். சொல்லி வைத்துச் சண்டை போட வரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நீங்க ஆரம்பிங்க சார்."

"எப்பவும் நீங்கதானே ஆரம்பிப்பீங்க."

"நான் எப்பங்க ஆரம்பிச்சேன்? ஒவ்வொரு நாளும் நீங்கதானுங்க மோட்டாருகிட்ட வந்து..."

"வந்தா என்ன? மேனேஜர் மோட்டார்கிட்ட வரக் கூடாதா?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அரை நிமிடத்தில் வழக்கமான சூட்டுக்கு வந்துவிட்டோம். எங்களைச் சுற்றி இருந்த கூண்டுகளில் கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. கொக்கரிப்பு நின்றது. பிறகு ஒரு கோழி வீறிட்டது; வரிசை முழுக்கச் சிறகடித்துக் கம்பியில் மோதியது. இறகு பறந்தது.

டாக்டர் ஓடி வந்தார். "போதும் சார், நிறுத்துங்க! கோழிக்கு ஒரு நோயும் இல்லை. நீங்க ரெண்டு பேரும் உஸ்ஸு உஸ்ஸுன்னு சீறுறீங்க. பாம்பு வந்துடுச்சுன்னு நினைச்சு அதுங்க மிரளுது."

சத்தம் போட்டால் கோழி மிரளும் என்றுதான் இத்தனை நாள் சத்தத்தை வடிகட்டிக் காற்றை மட்டும் விட்டோம். வடிகட்டி வந்தது பாம்பு.

"பழகின குரல்ல சத்தமா பேசியிருந்தாக்கூட இவ்வளவு இருக்காது" என்று டாக்டர் சேர்த்துக்கொண்டார். பாவாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஷெட்டை விட்டு வெளியே போனார். அவர் சிரிக்கிற சத்தம் தூரத்தில் கேட்டது. அதற்குக் கோழிகள் மிரளவில்லை.

டாக்டர் சொன்னதை முதலாளி கேட்டுவிட்டு, "இனிப் பேசுறதெல்லாம் கேட்டுக்கு வெளியங்க" என்றார். மாசக் கடைசிக் கெடு அப்படியே நின்றது.

அதன் பிறகு கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் சண்டை. ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு குளியல். இருப்பதோ ஒரே குளியலறை. முதலில் குளித்து உள்ளே போகிறவர் கையில் மோட்டார் சுவிட்ச். ஆகவே சண்டையில் ஜெயிப்பதைவிட அதை முதலில் முடிப்பது முக்கியமாகிவிட்டது. வாக்கியத்தின் பாதியிலேயே இருவரும் குளியலறையைப் பார்த்து ஓடுவோம். தோற்றவர் துண்டோடு வெளியே நிற்பார். எங்கள் பண்ணையின் உப்புத் தண்ணீரில் ஒரு நாளில் மூன்று முறை குளித்து, எனக்கு மிச்சமிருந்த முடியும் கொட்டியது. என் வழுக்கையில் பாதி பரம்பரை, பாதி நல்லுசாமி.

மாதக் கடைசி சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை எங்கள் பண்ணையில் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். எண்ணெயும், அதைத் தேய்த்து எடுக்கும் அரப்புப் பொடியும் முதலாளி செலவு. தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் வழிய, கோவணத்தோடு, வேப்பமரத்தடியில் இரண்டு கல்லில் நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம். எண்ணெய் ஊறும்வரை எழுந்திருக்க முடியாது. கண்ணில் இறங்கியதால் திறக்கவும் முடியாது. எதிராளியின் முகம் தெரியாத சண்டை அதுதான் முதல்.

"மாசக் கடைசி வந்துருச்சுங்க சார்."

"வந்துருச்சு."

"யாரு போறதுங்க?"

நான் நெற்றியில் வழிந்த எண்ணெயைப் புறங்கையால் துடைத்தேன்.

"நீங்க படிச்சவரு. எங்க போனாலும் வேலை கெடைக்குமுங்க."

"நான் படிச்சது தமிழ் எம்.ஏ., நல்லுசாமி."

"அய்யோ பாவம்" என்றார். கிண்டல் துளிகூட இல்லை, உண்மையான துக்கம்.

எனக்குக் கண் எரிந்தது. எண்ணெய்தான். "உங்களுக்குக் கோழி தெரியும். எந்தப் பண்ணையிலயும் கூப்பிட்டு எடுத்துக்குவாங்க" என்றேன்.

"எடுத்துக்குவாங்க. போறதுக்கில்லீங்க." தொடையில் எண்ணெயைத் தட்டித் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. "நானு வேற எடம் போனா அங்க வேற மேனேஜரு. நீங்க போனா இங்க வேற மேனேஜரு. எப்படின்னாலும் எனக்குப் புதுசா ஒருத்தருங்க. அவருக்கு எதச் சொன்னாக் கோவம் வரும், எம்புட்டு நேரம் நிக்கும், எதச் சொன்னாத் தணியும்னு நான் மறுபடியும் மொதல்ல இருந்து கண்டுபிடிக்கோணும். உங்குளுது எனக்கு மனப்பாடமுங்க. இந்த வயசுல இன்னொரு ஆளைப் படிக்க முடியாதுங்க சார்."

டுடோரியலில் பாடம் எடுத்த காலத்திலும் சரி, வீட்டிலும் சரி, என்னை யாரும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் அதேதான். புதிதாக வருகிறவர் சொன்னதைச் செய்கிற ஆளாக இருந்துவிட்டால், நான் நாள் முழுக்க என்ன செய்வது?

"அப்ப யாரும் போக வேண்டாம்" என்றேன்.

"வேண்டாமுங்க."

"இதை முதலாளிகிட்ட யார் சொல்றது?"

இதற்கு மறுபடி சண்டை வந்தது. ஆனால் எண்ணெய் ஊறிய உடம்பில் கோபம் நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. அரப்புத் தேய்த்துக் குளித்துவிட்டு, இருவருமே போய் நின்றோம். அந்த வாரமே மூன்றாம் ஷெட்டில் முட்டை பழையபடி ஏறியிருந்தது.

முதலாளி எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஒருத்தரைப் போகச் சொன்னனா? நானா?" என்றார். "கோவத்துல கோழிகிட்ட ஏதாச்சும் சொல்லியிருப்பனுங்க. அத எதுக்கு சாமி நீங்க ஒட்டுக் கேக்கறீங்க?"

நிஜமாக மறந்தாரா, மறந்ததுபோல் காட்டினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்கவும் தைரியமில்லை.

அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை எங்கள் சண்டை சனிக்கிழமைக்கு மட்டும். எப்படியும் குளிக்கிற நாள். வாரம் முழுக்க மனக்குறைகளைச் சேர்த்து வைப்போம். செவ்வாய்க்கிழமை உயிர் போகிற விஷயமாக இருந்தது சனிக்கிழமை எண்ணெயில் உட்காரும்போது என்னவென்றே ஞாபகம் வராது. ஒரு வாரம் இருவருக்கும் ஒன்றுமே இல்லை. நல்லுசாமிக்கு அது பொறுக்கவில்லை. "இந்த வாரம் ஒண்ணுமே இல்லீங்களா சார்?" என்று ஏக்கமாகக் கேட்டார். மனிதரை ஏமாற்ற வேண்டாமே என்று பழைய லீவு விண்ணப்பத்தை எடுத்து விட்டேன். கூரைத் தண்ணீர் விவகாரம் கடைசிவரை தீரவில்லை. இப்போது சூட்டைப் பார்த்து ஒரு மெஷினே தானாகத் தண்ணீர் விடுகிறதாம். நல்லுசாமி இன்னும் வேலையில் இருக்கிறார். அந்த மெஷினோடு அவர் பேசுவதில்லை என்று கேள்வி.

இதையெல்லாம் எழுதி முடித்ததும் சுகன்யாவுக்குப் போன் செய்தேன். இரண்டு பக்கத்தைத் தாண்டிவிட்டது, பரவாயில்லையா என்று கேட்டேன். நல்லுசாமியைப் பற்றி என்பதையும் சொன்னேன். படித்தால் அவர் மனம் வருத்தப்படுமோ என்று கவலையாக இருந்தது.

"அவர்கிட்டயும் இதே கேள்விதான் சார் போன வாரம் கேட்டேன்" என்றார் சுகன்யா. "கஷ்டமான ஆளுன்னா தீவன மில் ஆபரேட்டர்தான்னு சாயங்காலம் வரைக்கும் அவரைப் பத்தியே சொன்னாருங்க. உங்களைப் பத்திக் கேட்டதுக்கு, 'அவருங்களா, பாவம், அவரு பாட்டுக்கு ஒரு ஓரமா இருப்பாருங்க'ன்னாரு சார்."